வாழைத்தார் தொங்கிய டைட்டானியம்

பீங்கான் தட்டில் ஆணியை வைத்து இழுத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். ஆரோக்கியம் சட்டென்று லேத்தை நிறுத்தினார். கம்பியைக் கவ்வியிருந்த சக் இன்னும் சில சுற்று சுற்றி, சோம்பலாக நின்றது.

கம்பியின் முனை முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளத்தது. பார்க்க அழகுதான். ஆனால் லேத்தில் வெட்டின இடம் அப்படிப் பளபளக்கக் கூடாது. டூலின் மூலையோ கருத்து, நீலம் பாய்ந்து, அதன்மேல் கம்பியின் துணுக்கு ஒன்று பற்ற வைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. சூடான எண்ணெய் வாடை பட்டறை முழுக்கச் சுற்றியது.

ஆரோக்கியம் முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது வெட்டல குமாரு. தேய்க்குது.”

வாசலில் நின்றுகொண்டிருந்த செல்வராணி உள்ளே ஓர் அடி எடுத்து வைத்தார். “கம்பி கெட்டுப்போச்சாண்ணா?”

கெடவில்லை. அந்த முனையில் கட்டைவிரல் நீளத்துக்கு உபரி இருந்தது. நாங்கள் விளையாடிப் பார்க்க அவ்வளவுதான் இடம். அதைத் தாண்டி ஒரு மயிரிழை போனாலும் அது செல்வராணியின் பம்பு ஷாஃப்ட்டிலிருந்து போன மாதிரி. இன்னொரு கம்பி எங்களில் யாரிடமும் இல்லை.

ஆரோக்கியத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வரி: பட்டறையில் அவர் பாதி, நான் பாதி. வாய் மட்டும் எனக்கு முழுசு என்று அவர் சொல்வார். நான் ஐ.டி.ஐ. வாசலை மிதித்தவன் இல்லை. பார்த்தும் கேட்டும், இரண்டொரு நகத்தைப் பறிகொடுத்தும் கற்றுக்கொண்டவன். அவருக்கும் அதே பள்ளிக்கூடம்தான்.

துருதான் எங்கள் முதலாளி

மரக்காணத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்குத் துருதான் சோறு போடுகிறது. போன பொங்கலுக்கு வாங்கிய வண்டி இந்தப் பொங்கலுக்குத் தாத்தா ஆகிவிடும். வானூர்ப் பக்கத்து ஆட்கள் இங்கே பழைய வண்டி வாங்க வந்தால், எஞ்சினைக் கேட்க மாட்டார்கள். முதலில் மட்கார்டுக்கு அடியில் விரலை விடுவார்கள். விரல் மறுபக்கம் வந்துவிட்டால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அனுமந்தையில் மீன்பிடிக்கிற ஒருவர் சைக்கிள் வாங்கிய அன்றே அதற்குத் தலை முதல் கால் வரை பழைய எஞ்சின் ஆயிலைப் பூசினார். ஏன் என்று கேட்டேன். “பச்சப்புள்ளைக்கு எண்ணெ தேய்க்கலியா? அது மாதிரிதான்” என்றார். அந்தச் சைக்கிள் இன்னும் ஓடுகிறது. அதில் ஏறுபவர் வேட்டிதான் பாவம்.

உப்பளத்துப் பம்புகளின் கதை இதைவிட மோசம். கடல்தண்ணியைவிடக் கனமான உப்புத்தண்ணியை அவை இறைக்கின்றன. பம்பின் நடுவே சுற்றுகிற ஷாஃப்ட் சாதா இரும்பு என்றால் ஒரு பருவத்துக்கே தாங்காது. துருப்பிடிக்காது என்று விற்கிற ஸ்டீல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் தண்ணி கசியாமல் இருக்க சீல் உட்காருகிற இடத்தில் குண்டூசி குத்தினது போலக் குழி விழும். பிறகு கசியும். பிறகு ஒரு நாள் அந்தக் குழியிலேயே ஒடியும்.

செல்வராணியின் ஷாஃப்ட் ஒடிந்தது நல்ல கத்திரியில். பாத்திகளில் உப்பு பூக்கத் தொடங்கின நேரம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவர் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற அளம் அது. கணவர் சென்னையில் வேலை பார்க்கிறார், மாசத்துக்கு ஒரு தடவை வருவார். மற்றதெல்லாம் இவர்தான்.

பம்பு நின்றால் பாத்தி காயும். காய்ந்தால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தின தரை பிளக்கும். திரும்ப நனைத்து, திரும்ப மிதித்து, திரும்ப உப்பு பூக்கிறதுக்குள் வெயில் போய்விடும்.

அதைவிடப் பெரிய கவலை ஆட்கள். அங்கே உப்பு வாருகிற பெண்களுக்குத் தினக்கூலி. வேலை இல்லாத அளத்தில் அவர்கள் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? பக்கத்து அளத்தில் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவரான பூங்காவனம் செல்வராணியிடம் நேரடியாகச் சொல்லிவிட்டார்: “திங்கக்கெழம வரைக்கும் பாக்கறோம் செல்வி. அப்புறம் எங்களக் கொற சொல்லாத.”

“அதுல தப்பே இல்லண்ணா” என்றார் செல்வராணி என்னிடம். “அவங்களுக்கும் அடுப்பு எரியணும்ல. ஆனா ஒரு தடவ போயிட்டாங்கன்னா இந்த வருஷம் திரும்ப மாட்டாங்க. அதுக்காக அவசரத்துல இன்னொரு இரும்பு போட்டுக் குடுத்துடாதீங்க. நான் திரும்ப இதே எடத்துல வந்து நிப்பேன்.”

தங்கத்துக்குப் பதிலாக வந்த கம்பி

அப்போதுதான் எனக்குக் கபீர் பாயின் வாழைத்தார் ஞாபகம் வந்தது.

திண்டிவனம் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். வளைகுடாவில் கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்குகிற ஒரு பெரிய ஆலையில் பல வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அவர் கடையில் தராசுச் சங்கிலி துருப்பிடித்திருக்கும், ஷட்டர் துருப்பிடித்திருக்கும், சோடா திறப்பான்கூடத் துருப்பிடித்திருக்கும். வாழைத்தார் தொங்குகிற கம்பி மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

வேலையை விட்டு வரும்போது, என்ன வேண்டும் என்று அங்கே மேலதிகாரி கேட்டிருக்கிறார். இவர் பட்டறை மூலையில் கிடந்த ஒரு டைட்டானியத் துண்டைக் கேட்டார். போர்வைக்குள் சுருட்டி, பால்பவுடர் டின்களுக்கு நடுவே வைத்து, ஊர் வந்து சேர்த்தார். பெட்டியைப் பிரித்ததும் அவர் வீட்டம்மா சொன்னதை இன்றைக்கும் அவர் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்: “எல்லா ஊட்டு ஆம்பளையும் தங்கம் கொண்டாந்தாங்க. எங்க ஊட்டு ஆம்பள கம்பி கொண்டாந்தாரு.”

நான் விஷயத்தைச் சொன்னேன். பாய் தார்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சாக்கின்மேல் வைத்தார். கம்பியைக் கழற்றி, துண்டால் துடைத்து, என் கையில் கொடுத்தார். தூக்கினால் இரும்பில் பாதி எடைதான் இருக்கும் போலிருந்தது.

“இன்னொண்ணு எங்கிட்ட இல்ல குமாரு. அத மட்டும் மனசுல வச்சுக்க” என்றார்.

காசு பற்றிப் பேச்செடுத்தேன். ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கையை அசைத்துவிட்டார். நான் படியிறங்கும்போது, அங்கே டைட்டானியம் ஓடுகிறபோது மெஷின் சத்தமே கேட்காது, சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் கொட்டுகிற சத்தம்தான் கேட்கும் என்று ஏதோ சொன்னார். நான் காதில் வாங்கிக்கொண்டேன், மண்டையில் வாங்கவில்லை.

பளபளப்பு என்ன வேலை செய்யும்?

லேத் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் டூலின் முனையில் நகத்தளவில் ஒரு கார்பைடு வில்லை இருக்கும். டிப்பு என்போம். திருகாணி போட்டு இறுக்கியிருப்போம். வெட்டுவது அதன் மூலைதான். ஒரு மூலை மழுங்கினால் திருப்பிப் போட்டு அடுத்த மூலை. இரண்டும் போனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டைட்டானியம் என்றதும் நான் போட்ட கணக்கு எளிமையானது. உலோகம் உயர்ந்தது, ஆகவே டிப்பும் உயர்ந்ததாக இருக்க வேண்டும். எங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்தது தங்க நிறப் பூச்சு பூசின டிப்பு. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் பட்டுச் சட்டையை எடுக்கிற மாதிரி அதை எடுத்து மாட்டினேன். பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

கெட்டுப்போன டிப்பைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சந்தில் டூல்ஸ் கடை வைத்திருக்கும் ரவி எனக்குப் பழக்கம். வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் திருப்பி ஒரு கேள்வி கேட்கிற மனிதர். லென்ஸைக் கண்ணில் வைத்து டிப்பைப் பார்த்துவிட்டு, என்ன உலோகம் என்றுகூடக் கேட்கவில்லை.

“உங்க லேத்து எவ்ளோ பழசுங்க? ஆடுமா?”

“வயசுக்குத் தகுந்த மாதிரி ஆடும்” என்றேன்.

பிறகு அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். இரும்பை வெட்டினால் சூட்டில் பெரும்பகுதி சுருளோடு வெளியே போய்விடும். டைட்டானியம் கஞ்சன். சூட்டைச் சுருளோடு அனுப்பாது, கம்பிக்குள்ளும் வாங்காது. மொத்தத்தையும் டிப்பின் மூலையில் இறக்கும். அதனால் மெதுவாகச் சுற்ற வேண்டும், கூலன்ட் தாராளமாகக் கொட்ட வேண்டும். மொட்டை மூலை என்றால் சூடு இன்னும் ஏறும்.

தங்கப் பூச்சைக் காட்டி, “இதுலயும் டைட்டானியம்தான் கலந்திருக்குது” என்றார். “சொந்தக்காரனப் பாத்தா விடுமா? கட்டிப் புடிச்சுக்கும்.”

உள்ளே போய் ஒரு சின்ன டப்பா எடுத்து வந்தார். பூச்சே இல்லாத சாம்பல் நிற டிப்பு இரண்டு. முகம் பார்க்கலாம் போல மெருகு. விளிம்பு சவர பிளேடு மாதிரி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அலுமினியத்துக்கு என்று போட்டிருந்தது. தோசைக்கல்லை வெட்ட வாழைப்பழக் கத்தி கொடுக்கிறாரே என்று நினைத்தேன். நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“பெரிய மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கு வேற டிப்பு தருவேங்க. அது முட்டித் தள்ளி வெட்டும். உங்க லேத்து அத்தோட மல்லுக்கு நின்னா நடுங்கும். உங்களுக்கு வேண்டியது கூர்மை. டைட்டானியம் கல்லு இல்ல. பிடிவாதம் புடிச்ச புள்ள. மழுங்கினதக் கொண்டுபோய் மோதினாத்தான் முறைக்கும்.”

நட்டு ஏறுகிற மரையை வெட்டுவதற்குக் கோபால்ட் கலந்த ஒரு டூல் துண்டும் கொடுத்தார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: மெல்லிய சுருள் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணி ஊற்றாதீர்கள், காய்ந்த மணலைப் போடுங்கள்.

கடலைக்காரர் மணல்

காய்ந்த மணல் என்று அவர் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் எது காய்ந்திருக்கிறது? கடற்கரை மணலை வெயிலில் பரப்பினாலும் சாயங்காலம் உப்புக்காற்றில் பிசுபிசுக்கும்.

ஆரோக்கியத்துக்குத்தான் தோன்றியது. பஸ் நிறுத்தத்தில் வேர்க்கடலை வறுக்கிற தள்ளுவண்டி. அந்தச் சட்டி மணலைவிடக் காய்ந்த மணல் இந்தத் தாலுகாவில் கிடையாது. கடலைக்காரர் ஒரு வாளி கொடுத்தார், நிபந்தனையோடு: “பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுங்க. வருஷக்கணக்கா வறுத்த மணலு. ருசியே அதுலதான் இருக்குது.”

அடுத்தது கூலன்ட். அதுவரை நாங்கள் பிரஷ்ஷால் எண்ணெய் தொட்டுத் தடவிக் காலம் தள்ளியவர்கள். இப்போது கரைகிற எண்ணெயை வாங்கி, போர் தண்ணியில் கலந்தோம். பால் மாதிரி வர வேண்டியது. எங்கள் தண்ணியின் உப்பில் மஞ்சள் மஞ்சளாகத் திரிந்து மிதந்தது. கேன் தண்ணி வாங்கிவந்து கலந்த பிறகுதான் பாலானது. செல்வராணி பார்த்துவிட்டு, “எங்க ஊட்ல கொழம்புக்கே போர் தண்ணிதாண்ணா. உங்க கம்பிக்குக் கேன் தண்ணியா” என்றார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

ஆரோக்கியத்தின் கை

புது டிப்பு மாட்டினோம். வேகத்தைக் குறைத்தோம். கூலன்ட் கொட்டியது. ஆரோக்கியம் கைச்சக்கரத்தைப் பிடித்து டூலை மெல்ல நகர்த்தினார்.

அதே கீச்சொலி.

கொஞ்சம் சன்னமாக, ஆனால் அதேதான். முனை மறுபடி பளபளத்தது. கட்டைவிரல் நீளத்தில் பாதி போய்விட்டது. எனக்கு ரவிமேல் கோபம் வந்தது, அலுமினியத்தின்மேலும் வந்தது. வேறு டிப்பு கேட்டுப் பார்க்கலாமா என்று போனை எடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்திருந்த செல்வராணி எழுந்து நின்றுகொண்டார். அது போதாதா?

ஆரோக்கியம் லேத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் வருவதெல்லாம் உப்பு தின்ற இரும்பு. மேலே துரு, உள்ளே குழி. ஆழமாக வெட்டினால் டிப்பு குழியில் விழுந்து உடையும். அதனால் இந்தக் கரையில் லேத் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம்: மேலாக நூலிழை சீவுவது, நிறுத்துவது, பார்ப்பது, மறுபடி நூலிழை. டூல் கம்பியின்மேல் தொட்டபடி நிற்க, நாங்கள் யோசிப்போம். கோயம்புத்தூரில் யாரும் இப்படி வேலை செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு வருவது புது இரும்பு.

அந்தப் பழக்கம்தான் டைட்டானியத்துக்கு விஷம். நூலிழையாகச் சீவினால் கூர்மையான டிப்பும் வெட்டாது, வழுக்கித் தேய்க்கும். தேய்த்தால் கம்பியின் மேல்தோல் இறுகும். இறுகின தோலை மறுபடி தேய்த்தால் கேட்கவே வேண்டாம்.

“நோயாளியத் தடவற மாதிரி தடவிக்கிட்டிருக்கேன் குமாரு” என்றார் ஆரோக்கியம். “இது நல்லா இருக்கிற ஆளு.”

டிப்பின் மூலையைத் திருப்பிப் போட்டார். இறுகின தோலுக்கு அடியில் போகிற அளவுக்கு ஆழம் வைத்தார். நகர்த்துகிற வேலையை லேத்தின் கியருக்கே விட்டார். பிறகு, கை சும்மா இருக்காது என்று அவருக்கே தெரியும் போலிருக்கிறது, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சத்தம் வரவில்லை. கூலன்ட் கொட்டுகிற சளசளப்பு மட்டும். பாய் சொன்னது அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது. டூலின் அடியிலிருந்து மங்கின வெள்ளி நிறத்தில் ஒரு சுருள், தடிமனாக, நிதானமாக உருண்டு வந்து தட்டில் விழுந்தது. வெட்டின இடம் கண்ணாடி மாதிரி இல்லை. சீரான கோடுகளோடு, மங்கலாக, சரியாக இருந்தது.

நல்லா இருக்கிற மூலை

மேல்வேலை முடியப் பொழுது போனது. நடுவில் கரன்ட் போய் வந்தது. டூல் கம்பியைத் தொட்டபடி பாதியில் நின்றுவிடுமே என்று பதறி, ஆரோக்கியம் அதைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். நல்ல வேளை.

கடைசியாக மிஞ்சியது சீல் உட்காருகிற இடம். அதுதான் உயிர். அங்கே கோடு விழுந்தால் தண்ணி கசியும். அளவு தாண்டினால் ஷாஃப்ட்டே போச்சு. இரண்டாவது டிப்பில் ஒரு புது மூலை மிச்சம் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த மூலையும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. புது மூலையை மரைக்குப் பக்கத்து வளைவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் ஆரோக்கியம். வெட்டிக்கொண்டிருக்கிறதை மாற்றுவது எங்கள் வழக்கமே இல்லை, உடைகிற வரை ஓட்டுவோம். எனக்கு மனசு கேட்கவில்லை, சீல் இடத்துக்கே புதுசைப் போடச் சொன்னேன். பேச்சு தடித்தது.

செல்வராணி நடுவில் வந்தார். “அண்ணா, இது ஓடினா ஆளுங்க நிப்பாங்க. ஓடலன்னா போயிடுவாங்க. புதுசையே போடுங்க. வளைவு கொஞ்சம் கரடா இருந்தா இருந்துட்டுப் போவுது.”

ஆரோக்கியம் டிப்பைக் கழற்றினார். திருப்பி மாட்டுவதற்கு முன் ஓடின மூலையை லென்ஸில் பார்த்தேன். மூலையில் எறும்பு கடித்த அளவுக்கு ஒரு கொத்தல். லென்ஸை அவரிடம் கொடுத்தேன். பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். புது மூலையை முன்னால் வைத்து டிப்பை இறுக்கினார்.

சீல் இடம் ஒரே ஓட்டத்தில் வந்தது. மரையை ஆரோக்கியம் கோபால்ட் டூலைத் தீட்டி, லேத்தை மெதுவாக ஓடவிட்டு வெட்டினார். நட்டு கையாலேயே ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

பம்பில் ஷாஃப்ட்டை ஏற்றி, மோட்டாரோடு சேர்த்து, சுவிட்சைப் போட்டபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. குழாய் இரண்டு தடவை காற்றைத் துப்பியது. பிறகு உப்புத்தண்ணி வந்தது. பிளக்கத் தொடங்கியிருந்த முதல் பாத்தியின் விரிசல்களுக்குள் அது இறங்குகிறபோது சின்னச் சின்னதாகக் குமிழி விட்டது.

செல்வராணி பூங்காவனத்துக்குப் போன் செய்தார். தண்ணி வந்துவிட்டது என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “வந்து பாத்துக்க, நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்” என்று வைத்துவிட்டார்.

வந்தார்கள். ஆறேழு பெண்கள், ஒவ்வொருவர் தோளிலும் உப்பு வாருகிற பலகை. அதைப் பார்த்ததும் செல்வராணியின் முகம் சுருங்கியது. எனக்குக் காரணம் தெரியும். அந்தப் பலகை அவரவர் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த அளத்து வரப்பில் அதை வைத்துவிட்டுப் போகிறார்களோ, அந்த வாரம் அங்கேதான் வேலை. வாயால் வருகிறேன் என்பதற்கெல்லாம் அங்கே மதிப்பில்லை. இன்று அவர்கள் பக்கத்து அளத்துக்குப் போகிற வழியில்தான் இங்கே நிற்கிறார்கள்.

பூங்காவனம் பலகையை இறக்காமல் பம்பு வரைக்கும் நடந்தார். சீலுக்குக் கீழே விரலை நீட்டி, சொட்டுகிறதா என்று பார்த்தார். விரல் ஈரமாகவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு நிக்காதே?”

“கரன்ட் நிக்கும். மோட்டார் நின்னாலும் நிக்கும். அதெல்லாம் என் கையில இல்லம்மா” என்றேன். “அந்த ஷாஃப்ட் நிக்காது.”

“எல்லா லேத்துக்காரனும் இப்படித்தான் சொல்றான்” என்றார்.

திரும்பி வந்து, தோளிலிருந்து பலகையை எடுத்து, முதல் பாத்தியின் வரப்பில் நீளவாக்கில் படுக்க வைத்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அதன் பக்கத்தில் வைத்தார்கள். அவர்கள் பேசியது வேறு ஏதோ, யார் வீட்டுக் காதுகுத்தைப் பற்றியோ. வெறுங்கையோடு வந்த வழியே நடந்தார்கள்.

செல்வராணி அவர்களை நிறுத்தவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது பாத்திக்குப் போய், மடையை அடைத்திருந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டார்.